ஆறு மாதத்தில் கனடா போகிறேன், ஆங்கிலம் வாயில் வரவில்லை. இங்கிருந்தே என்ன செய்யலாம்?

விசுவமடுக்காரி:

வணக்கம். நான் விசுவமடு, வயது 32. என் கணவர் கனடாவுக்குப் போய் ஆறு வருடம், ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் இருக்கிறார், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு இப்போது நிரந்தர வதிவிடமும் கிடைத்துவிட்டது. எனக்கும் பிள்ளைகளுக்கும் (மகனுக்கு 10, மகளுக்கு 7) அலுவல் நடக்கிறது, மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது, இன்னும் ஆறு மாதத்தில் வெளிக்கிடலாம் என்கிறார்கள்.

என் பிரச்சினை ஆங்கிலம். 2008 கடைசியில் இடம்பெயரத் தொடங்கியபோது நான் பத்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு எங்கே பள்ளிக்கூடம், எங்கே ரீச்சர்? செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து படித்துத்தான் சாதாரண தரம் எழுதினேன். தமிழுக்கும் சமயத்துக்கும் நல்ல பெறுபேறு, ஆங்கிலத்துக்கு டபிள்யூ, அதாவது பெயில். அதோடு அந்தப் புத்தகத்தை மூடி வைத்தவள்தான்.

இப்போது கிளிநொச்சியில் ஒரு வகுப்புக்கு வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். அங்கே இருப்பதெல்லாம் உயர்தரம் முடித்த பிள்ளைகள், ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதப் போகிறவர்கள். சேர் பலகையில் காலங்களை அட்டவணை போட்டு எழுதுவார், நானும் கொப்பியில் வடிவாக எழுதிக்கொண்டு வருவேன், ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு வசனம் சொல்லப் பார்த்தால் நாக்கு எழும்பாது. வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் பிழையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இவர் "வந்தால் தானாக வரும்" என்கிறார். ஆனால் ஆறு வருடமாகத் தமிழ் ஆட்களோடு ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்கிறார், வங்கியில் இருந்து அழைப்பு வந்தால் இன்றைக்கும் சிநேகிதனிடம்தான் தொலைபேசியைக் கொடுக்கிறார். தானாக வரும் என்றால் இவருக்கு ஏன் வரவில்லை? இதை அவரிடம் கேட்க மனம் வரவில்லை, இங்கே கேட்கிறேன்.

இந்த ஆறு மாதத்தில் எதைப் படித்தால் பிரயோசனம்? இந்த வகுப்புக்குத் தொடர்ந்து போகவா, விடவா? பிள்ளைகள் கெதியாகப் பிடித்துவிடுவார்கள், நான்தான் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டி வருமோ என்ற பயம் இரவில் நித்திரை கொள்ள விடுவதில்லை. வன்னியில் இருந்து போனவர்கள் யாராவது உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு, இப்போது ஸ்காபுரோ:

தங்கச்சி, உங்கள் கதையும் என் கதையும் ஒன்றுதான். நான் 2013இல் இரண்டு பிள்ளைகளோடு வந்தேன். உங்கள் கணவர் சொல்வது பிழை என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன், தானாக வராது. ஸ்காபுரோவில் நீங்கள் காலையில் எழும்பித் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கி, தமிழ் வைத்தியரிடம் மருந்து எடுத்து, கோயிலுக்கும் போய் வீட்டுக்கு வரலாம், ஒரு ஆங்கிலச் சொல்லும் தேவைப்படாது. முதல் ஆறு மாதம் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, முல்லைத்தீவிலேயே இருப்பது போல. ஒரு வருடம் போனபின்தான் தெரிந்தது, நான் நாலு வீதிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருக்கிறேன் என்று.

இங்கே லிங்க் என்று ஒரு வகுப்பு இருக்கிறது, புதிதாக வருகிறவர்களுக்கு மத்திய அரசாங்கத்தின் காசில் 1992இல் இருந்து நடக்கிறது. நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் இலவசம். நீங்கள் நிரந்தர வதிவிடத்தோடு வருவதால் வந்து இறங்கிய கிழமையே பதியலாம். முதலில் ஒரு மதிப்பீட்டு நிலையத்துக்குப் போகவேண்டும். கேட்டல், கதைத்தல், வாசித்தல், எழுதல் நாலையும் பார்த்து சி.எல்.பி. என்ற அளவில் எத்தனையாம் படியில் நிற்கிறீர்கள் என்று சொல்வார்கள், மொத்தம் 12 படி. அதில் பெயில் என்று ஒன்றும் இல்லை, எந்த வகுப்பில் இருத்துவது என்று பார்க்கத்தான். எழுத்தே தெரியாத ஆட்களுக்கும் வகுப்பு இருக்கிறது, நீங்கள் பயப்படத் தேவையில்லை. பகல், பின்னேரம், இணையம் என்று வகை வகையாக நடக்கும். கைக்குழந்தை உள்ளவர்களுக்குச் சில இடங்களில் பிள்ளை பார்க்கவும் ஆள் உண்டு, உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதால் அந்தக் கரைச்சலும் இல்லை.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்க் கிடையாது, வதிவிடக்காரராக இருக்கும் காலத்தில்தான் அந்த உரிமை. என்னோடு வந்த ஒரு அக்கா "முதலில் வேலை, பிறகு படிப்பு" என்று தள்ளித் தள்ளிப் போட்டு, குடியுரிமைச் சத்தியம் எடுத்த பிறகு போய்க் கேட்டார், இல்லை என்றார்கள். பிறகு பள்ளிக்கூடச் சபை நடத்துகிற மாகாண வகுப்புக்குப் போனார், அதுவும் நல்லதுதான், குடியுரிமைக்காரரும் போகலாம். ஆனால் அதற்குள் எட்டு வருடம் போய்விட்டது.

என் வகுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் கிழமை இரண்டு தமிழ் அக்காமாருக்குப் பக்கத்தில் இருந்தேன், ரீச்சர் சொன்னதை ஒருவர் மற்றவருக்குத் தமிழில் சொல்லுவார், மூன்று பேரும் சிரித்துக் கதைத்துச் சந்தோசமாக இருந்தோம், ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் இடம் இல்லாமல் ஒரு ஆப்கானிஸ்தான் பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டி வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. அவர் எங்கே இருந்து வந்தார், எத்தனை பிள்ளை, ஏன் வெளிக்கிட்டார் என்று கேட்க எனக்கு ஆங்கிலத்தை விட்டால் வேறு வழியே இல்லை. அவரும் ஷெல்லுக்குள் இருந்து வந்தவர். எங்கள் இரண்டு பேரின் ஆங்கிலமும் சேர்ந்துதான் நிமிர்ந்தது. இப்போதும் அவர் என் நெருங்கிய சிநேகிதி, நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில்தான், பிழை பிழையாக.

பரந்தன் வாத்தியார்:

பிள்ளை, நான் இந்தப் பக்கத்தில் 20 வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவன். உங்கள் டபிள்யூவுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று முதலில் சொல்லவேண்டும். ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில் இருந்து பாடமாக இருக்கிறது, ஆனால் வன்னியில் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் ஆங்கில ஆசிரியர் என்று ஒருவர் வருவதும் மாறிப் போவதுமாகவே காலம் போனது, மிச்சத்தை இடப்பெயர்வு விழுங்கியது. அதற்கு வெட்கப்படவேண்டியது பிள்ளைகள் இல்லை.

நீங்கள் போகிற வகுப்பு பரீட்சைக்கு உரியது. உங்களுக்குப் பரீட்சை இல்லை. உங்களுக்கு வேண்டியது காது. நாங்கள் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர்கள், எழுத்தைப் பார்த்தால் விளங்கும், அதே வசனத்தை ஒரு வெள்ளைக்காரர் சொன்னால் ஒரு சொல்லும் பிடிபடாது. காரணம் இருக்கிறது. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் அளவு கொடுத்துச் சொல்லுகிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஒரு இடத்தை அழுத்தி, மிச்சத்தை விழுங்கிவிடுவார்கள். 13க்கும் 30க்கும், 15க்கும் 50க்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் ஆட்கள் பிடிக்காமல் தடுமாறுவது இதனால்தான். தேர்ட்டீன் என்றால் கடைசி நீண்டு அழுந்தும், தேர்ட்டி என்றால் முன்னுக்கு அழுந்தி முடிவு மெலியும். வைத்தியரிடம் இரண்டே கால் மணிக்கு வரச்சொன்னதை இரண்டு ஐம்பது என்று விளங்கிக்கொண்டு போய் நின்றால் நாள் வீண். இன்னொன்று, எங்களுக்கு ஒரே 'ப', அவர்களுக்கு அதில் இரண்டு ஒலி. பொதி கட்டுவதைச் சொல்லும் சொல்லும் முதுகைச் சொல்லும் சொல்லும் எங்கள் வாயில் ஒன்றாகத்தான் வரும். 'வ'விலும் அதே கதை, பற்களால் உதட்டைத் தொட்டுச் சொல்வது ஒன்று, உதட்டைக் குவித்துச் சொல்வது இன்னொன்று. இந்த நாலைந்து ஒலிகளையும் இலக்கங்களையும் ஆறு மாதத்தில் காதுக்குப் பழக்கினால் அது பெரிய வேலை.

மகனுக்குப் பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் வீட்டில் இருக்கும். அதை எடுங்கள். மூன்றாம், நாலாம் வகுப்புப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இருந்து இலவசமாக இறக்கலாம். மகனை ஆசிரியராக இருத்தி நீங்கள் வாசியுங்கள், சத்தமாக. அவன் பிழை பிடிக்கட்டும். பிள்ளைக்கும் பெருமை, உங்களுக்கும் முதல் வெட்கம் சொந்த வீட்டுக்குள்ளேயே போய்விடும். பிபிசியில் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது, எழுத்தும் கூடவே கிடைக்கும். முதல் தரம் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், இரண்டாம் தரம் பார்த்துக் கேளுங்கள், மூன்றாம் தரம் அவர்களோடு சேர்ந்து சொல்லுங்கள். ஒரே நிகழ்ச்சியை ஒரு கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு ஒன்று என்று ஓடவேண்டாம்.

அதோடு, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். வன்னிச் சனத்துக்கு எத்தனை ஆங்கிலச் சொல் தெரியும் என்று நான் ஒருமுறை வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிப் பார்த்தேன். பங்கர், ஷெல், கேம்ப், ரோக்கன், ரெண்ட், ஷெல்ரர், பாஸ், போம், கிளினிக், பிரஷர், எக்ஸ்ரே... பலகை நிறைந்துவிட்டது. யாரும் படிப்பிக்காமல் எங்கள் அம்மாமார் படித்த சொற்கள். அதுவும் எந்த நிலைமையில் படித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நாங்கள் சொந்தத் தமிழ் என்று நினைக்கிற கதிரை, அலுமாரி, சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயருடையவை. காதால் கேட்டு வாயில் எடுத்த சொல்தான் நிற்கும்.

வகுப்பை விடவா என்று கேட்டீர்கள். விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் ஒரு நாளாகக் குறையுங்கள், இலக்கணம் ஓரளவு வேண்டும்தான். ஆனால் அந்த பஸ் காசில் பாதியை டேற்றாவுக்குப் போடுங்கள்.

90இல் வந்தவன்:

எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பயமுறுத்துகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. நான் 1990இல் வந்தேன். 26 வருடம் ஒரே தொழிற்சாலையில் பொதி கட்டினேன், மேற்பார்வையாளர் தமிழர், பக்கத்தில் நின்றவர்களும் தமிழர். வீடு வாங்கினேன், இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினேன். என் ஆங்கிலம் இன்றைக்கும் பத்து வசனம். ஒன்ராறியோவில் கார் ஓட்ட எழுதுகிற முதல் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், 40 கேள்வி, சட்டம் 20, வீதி அடையாளம் 20, ஒவ்வொன்றிலும் 16 சரியாக வரவேண்டும். குடியுரிமைக்கு 18 இல் இருந்து 54 வயது வரைதான் மொழி கேட்பார்கள், 55 ஆகிவிட்டால் இல்லை. ஆங்கிலம் இல்லாவிட்டால் வாழ்க்கையே இல்லை என்பது போலச் சொல்லாதீர்கள். எங்கள் தலைமுறை முதுகை முறித்து வாழ்ந்து காட்டியிருக்கிறது.

பிள்ளை, நான் உங்களுக்குச் சொல்வது வேறு. ஆங்கிலம் எப்படியும் வீட்டுக்குள் வரும், கதவைத் தட்டாமலே வரும், ஆனால் தமிழ் போய்விடும். என் பிள்ளைகளோடு நான் கதைத்தேன், அவர்கள் தங்கள் பிள்ளைகளோடு கதைக்கவில்லை. பேரன் என்னிடம் வந்து ஏதோ சொல்லுவான், நான் சிரிப்பேன், அவனும் சிரிப்பான், பிறகு போய்விடுவான். உங்கள் பிள்ளைகளுக்கு ஏழும் பத்தும், தமிழில் எழுத வாசிக்கத் தெரியும். அதை விடாதீர்கள். நீங்கள் ஆங்கிலம் பழகவேண்டும் என்பதற்காக வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினால் இரண்டும் கெட்டுவிடும்.

மார்க்கத்துப் பிள்ளை:

ஐயா, நீங்கள் தமிழைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. நான் எட்டு வயதில் நெடுங்கேணியில் இருந்து வந்தவள், அம்மம்மா கூட இருந்ததால்தான் இன்றைக்கு இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆனால் மற்றதில் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை. அதை ஒரு பிள்ளையின் பக்கத்தில் நின்று சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் இல்லை. வீட்டுக்கு வருகிற கடிதம் எல்லாவற்றையும் நான்தான் வாசிப்பேன். மின்சாரக் கட்டணம், வாடகை, பள்ளிக்கூடத்தில் இருந்து என்னைப் பற்றியே வருகிற கடிதம். வகுப்பாசிரியர் அம்மாவிடம் என்னைப் பற்றிக் குறை சொல்லும்போது அதை மொழிபெயர்த்ததும் நான்தான், என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்து வயதில் அம்மாவோடு ஒரு வைத்தியசாலைக்குப் போனேன். வைத்தியர் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். அம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, அது புற்றுநோயா என்று பார்க்க ஊசியால் சதை எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றார். அந்தச் சொல் எனக்கு ஆங்கிலத்தில் தெரியும். தமிழிலும் தெரியும், அம்மம்மாவின் தம்பி அதில்தான் செத்தவர். அம்மா "என்னவாம்?" என்று கேட்டார். நான் "ஒன்றும் இல்லையாம் அம்மா, இன்னொரு ரெஸ்ற் எடுக்கட்டாம்" என்றேன். முடிவு வர இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் நான் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல காலம், ஒன்றும் இல்லை. அம்மாவிடம் இதை நான் சொன்னது 22 வயதில். அவர் அழுதார், அடுத்த மாதம் வகுப்புக்குப் பதிந்தார்.

அக்கா, நீங்கள் ஆங்கிலத்தில் பெரிய ஆளாக வரவேண்டாம். ஆனால் இந்த ஒரு வசனத்தை விமானம் ஏற முதல் பாடமாக்குங்கள், தமிழ் எழுத்தில் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்: "ஐ நீட் எ டமில் இன்ரர்பிரிற்றர், ப்ளீஸ்." பெரிய வைத்தியசாலைகளில் கேட்டால் ஒழுங்கு செய்வார்கள், தொலைபேசியிலாவது இணைப்பார்கள். நீங்கள் கேட்காவிட்டால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். ரொறன்ரோவில் அவசரத்துக்கு 911 அழைத்தால் "டமில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், உரைபெயர்ப்பாளரைத் தொடுப்பில் எடுப்பார்கள், அழைப்பை வைத்துவிடக் கூடாது. மகனுக்குப் பத்து வயது என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

விசுவமடுக்காரி:

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். அதற்குமேல் முடியவில்லை. மகன் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். அந்த வசனத்தை எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

வாத்தியார் ஐயா, மூன்றாம் வகுப்புப் புத்தகம் இறக்கிவிட்டேன், நன்றி. ஐயா (90இல் வந்தவர்), நீங்கள் பயமுறுத்தவேண்டாம் என்று சொன்னதும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, வீட்டில் தமிழ்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் கதைக்கப் பழக இங்கே ஆள் இல்லையே, சுவரோடா கதைப்பது?

மாங்குளம் மாப்பிள்ளை, லண்டன்:

அக்கா, சுவரோடும் கதைக்கலாம், என் மனைவி அப்படித்தான் கதைத்தா. நாங்கள் கல்யாணம் கட்டி நான் திரும்பி வந்தபிறகு அவ மாங்குளத்தில் இருந்தா. பிரித்தானியாவுக்குத் துணையாக வருகிறவருக்கு உங்களைப் போல இல்லை, விசாவுக்கு முதலே ஏ1 என்ற ஆங்கிலப் பரீட்சை பாஸ் பண்ணவேண்டும், 2010இல் இருந்து அந்தச் சட்டம். கேட்டலும் கதைத்தலும் மட்டும்தான், எழுத்து இல்லை. கொழும்பில் போய் எழுதினா, எழுதினா என்று சொல்லக்கூடாது, கதைத்தா. இரண்டு பரீட்சார்த்திகளை ஒன்றாக இருத்தி ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கச் சொல்வார்கள், இருபது நிமிடம்கூட இல்லை.

முதல் தரம் பெயில். கேட்டதெல்லாம் அவவுக்கு விளங்கியதாம். ஆனால் "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதற்கு "மாங்குளம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டா. "சாப்பாடு பிடிக்குமா" என்றதற்கு "யெஸ்". எங்கள் ஊரில் பெரியவர்கள் கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதுதான் மரியாதை, அங்கே அது பெயில். பிறகு நான் சொன்னேன், ஒரு கேள்விக்கு மூன்று வசனம், அது பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. கோழிக்குத் தீன் போடும்போது, கிணற்றடியில், மாடு பிடித்துக் கட்டும்போது, செய்கிற வேலையை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிச் செய்தா. "நான் இப்போது வாளியை எடுக்கிறேன், வாளி பாரம், தண்ணீர் குறைவு." மாமி முதலில் பிள்ளைக்கு என்னவோ நடந்துவிட்டது என்று நினைத்தாவாம், பிறகு அவவும் "பக்கற்" என்று சொல்லப் பழகிவிட்டா. இரண்டாம் தரம் பாஸ்.

அதோடு முடியவில்லை. நாங்கள் போட்ட காலத்தில் இரண்டரை வருடத்தில் விசா நீடிக்க அடுத்த படியான ஏ2, ஐந்து வருடத்தில் நிரந்தரத்துக்கு பி1, கூட பிரித்தானிய வாழ்க்கைப் பரீட்சை, 45 நிமிடத்தில் 24 கேள்வி, 18 சரியாக வரவேண்டும். இப்போது இந்தப் பக்கம் யாராவது வர இருந்தால் சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, அரசாங்கத்தின் பக்கத்தையே பாருங்கள், முகவர் சொல்வதை நம்பிக் காசு கட்டவேண்டாம். ஒவ்வொரு படியாக ஏறினா. இன்றைக்கு ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. ஐந்து வயதுப் பிள்ளைகள்தான் தனக்கு நல்ல ஆசிரியர்கள் என்று சொல்லுவா, பிழையாகச் சொன்னால் முகம் சுளிக்காமல் திருத்திவிட்டு விளையாடப் போய்விடுவார்களாம்.

மெல்பேர்ன் ஒட்டுசுட்டான்:

அவுஸ்திரேலியாவுக்கு வருகிறவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒரு வரி. இங்கே ஏ.எம்.ஈ.பி. என்ற இலவச வகுப்பு 1948இல் இருந்து இருக்கிறது. முன்பு 510 மணித்தியாலம்தான் என்று ஒரு எல்லை இருந்தது, 2021இல் எடுத்துவிட்டார்கள். வகுப்புக்கு வர ஏலாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் தொண்டர்களும் உண்டு, எனக்கு வந்த அம்மா எழுபது வயது தாண்டியவர், இரண்டு வருடம் ஒவ்வொரு செவ்வாயும் வந்தார், ஒரு சதம் வாங்கவில்லை, நான் கொடுத்த வடையை மட்டும் சாப்பிடுவார். உரைபெயர்ப்புக்கு 131 450, இரவு பகல் எப்போதும்.

புதுக்குடியிருப்பு, இப்போது ஸ்காபுரோ:

ஒன்று மறந்துவிட்டேன், தங்கச்சி. நீங்கள் அங்கே படிக்கிற ஆங்கிலம் பிரித்தானிய ஆங்கிலம், இங்கே சில சொல் வேறு. பெற்றோல் என்றால் காஸ், லிப்ற் என்றால் எலிவேற்றர், ரொயிலெற்றுக்கு வாஷ்ரூம், ரோச்சுக்கு பிளாஷ்லைற். மகனிடம் முக்கியமாகச் சொல்லி விடுங்கள், அழிறப்பரை இங்கே இரேசர் என்றுதான் கேட்கவேண்டும், றப்பர் என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும், என் மகன் அழுதுகொண்டு வந்தான். கோப்பிக் கடையில் "டபுள் டபுள்" என்பார்கள், இரண்டு கிரீம் இரண்டு சீனி. நான் முதல் வேலை எடுத்தது அப்படி ஒரு கடையில், அந்த இரண்டு சொல்லை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று நாள்.

நூலகத்திலும் பதியுங்கள். ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகமும் இருக்கிறது, ஆங்கிலம் கதைத்துப் பழகும் வட்டமும் சில கிளைகளில் நடக்கிறது. லிங்க்கில் கேட்டலிலும் கதைத்தலிலும் நாலாம் படி முடித்த சான்றிதழ் வந்தால் பத்திரமாக வையுங்கள், குடியுரிமைக்கு மொழிச் சான்றாக அதையே கொடுக்கலாம், தனியாகக் காசு கட்டிப் பரீட்சை எழுதத் தேவையில்லை. நான் அப்படித்தான் கொடுத்தேன்.

முக்கியமாக, தொலைபேசியில் பெயர் சொல்லப் பழகுங்கள். நீங்கள் வந்தவுடன் எல்லா இடத்திலும் முதலில் கேட்பது அதுதான், வங்கி, பள்ளிக்கூடம், வைத்தியர். எங்கள் பெயர் நீளம், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்கும், எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பதிலை இப்போதே முடிவு பண்ணி எல்லா இடத்திலும் அதையே சொல்லுங்கள். பிறகு எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். கடைசி எழுத்தை இங்கே இஸட் என்று சொன்னால் சிலருக்கு விளங்கும், சிலருக்கு ஸீ என்றால்தான் விளங்கும்.

விசுவமடுக்காரி:

அக்கா, நீங்கள் சொன்னதை இரவே செய்து பார்த்தோம். மகனை அடுத்த அறையில் இருத்தி, என் தொலைபேசியில் இருந்து மாமியின் தொலைபேசிக்கு அழைத்து, அவனை வங்கிக்காரனாக இருக்கச் சொன்னேன். பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் சொன்னேன். மகள் மாமியின் மடியில் இருந்து இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தாள்.

கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். 19 எழுத்தில் நாலு பிழை. ஜியும் ஜேயும் மாறிப் போயிருந்தன, ஏ என்று நான் சொன்ன இரண்டு இடத்தில் ஈ என்று எழுதியிருந்தான். பிறந்த திகதி 13, அவன் 30 என்று போட்டிருந்தான்! வாத்தியார் ஐயா சொன்னது அப்படியே நடந்தது. "அம்மா, கடைசியை இழுங்கோ" என்று அவனே சொல்லித்தந்தான். இன்று இரவு அவன் வாடிக்கையாளர், நான் வங்கி.